வீடு மாறினால் வரி! வீடே இல்லாதார்க்கு வழி?

“எலி வளையானாலும் தனி வளை வேண்டும்” என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். ஊவா மலைகளில் வாழும் தமிழருள் ஒரு சாரார் அந்தத் தனி வளையை அரும்பாடுபட்டுத் தேடிக்கொண்டனர். மற்றொரு சாரார் தலைமுறை தலைமுறையாகத் தேடிக்கொண்டே இருக்கின்றனர். தேடிக்கொண்டவன் ஒரு வளையை விட்டு இன்னொரு வளைக்குப் போகப் புறப்பட்டால், அரசாங்கம் வாயிலில் நின்று நூற்றுக்குப் பதினைந்து கேட்கிறது. தேடிக்கொண்டே இருப்பவனைப் பார்த்து, “உனக்கு வரியே இல்லை, போ” என்கிறது. ஏன் இல்லை? விற்பதற்கு அவனிடம் ஒன்றுமில்லை. ஆகவே வரியும் இல்லை! இவை இரு வேறு குறைகள் என்று கொழும்பில் இருப்போர் கருதக்கூடும். பதுளையிலிருந்து பார்க்கும் நமக்கோ இரண்டும் ஒரே குறையின் இரு முகங்களாகவே தெரிகின்றன.

மூலதன ஆதாய வரி இந்நாட்டுக்குப் புதிதன்று. 1958இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துப் பொருளியலறிஞர் நிக்கலஸ் கால்டோர், எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க அரசாங்கத்துக்கு வழங்கிய யோசனைகளின் வழியே இவ்வரி இலங்கைக்குள் காலடி வைத்தது. 2002இல் அதை நீக்கினர். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் மூலம் மீண்டும் அழைத்துவந்து, 2018 ஏப்ரல் 1 முதல் நூற்றுக்குப் பத்து வீதம் அறவிட்டனர். 2025 ஏப்ரல் 1 முதல் தனியாள்களுக்கு அது பதினைந்து வீதமாயிற்று.

வரி என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் கொதித்தெழுவது நம் வழக்கமன்று. கூலிக்காரனின் கூலியிலும் எழுத்தரின் சம்பளத்திலும் கைவைக்கும் அரசு, காணியை வாங்கிப் பூட்டிவைத்து விலை ஏறியதும் விற்றுச் சிரிப்பவனை மட்டும் விட்டுவிடலாமோ? கூடாது. கால்டோரின் நியாயமும் அதுவே. அந்த நியாயத்தோடு நமக்கு வழக்கில்லை. வீட்டை விற்று வீடு வாங்குபவனையும், காணியை விற்றுக் காசு சேர்ப்பவனையும் ஒரே கயிற்றில் கட்டுகிறார்களே, அங்கேதான் வழக்கு.

சட்டம் வீட்டைக் கண்டுகொள்ளவே இல்லை என்று சொல்லமாட்டோம். ஒருவனுடைய முதன்மை வதிவிடம் வரியிலிருந்து விலக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனைகள். விற்பதற்கு முன்னர் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அது அவனுக்குச் சொந்தமாக இருந்திருக்க வேண்டும். அம்மூன்று ஆண்டுகளில் இரண்டு ஆண்டுகளேனும் அவன் அதில் குடியிருந்திருக்க வேண்டும். அதுவும் நாள் கணக்கில். பதுளை நகரத்துக் கடைத்தெருவில் கீழே கடையும் மேலே வீடுமாக வாழும் வணிகருக்கு இந்த நிபந்தனை ஒரு பொருட்டன்று. பிறந்த வீட்டிலேயே வளர்ந்து, அங்கிருந்தே அலுவலகம் போய் வரும் கொழும்புக் கனவானுக்கும் அப்படியே. சட்டத்தை எழுதியோர் இவர்களையே மனத்தில் இருத்தி எழுதினார்கள் போலும்.

மலையகத்தின் படித்த தமிழன் எங்கே குடியிருக்கிறான்? தோட்டத்துக் கிளாக்கர், கண்டக்டர், டீமேக்கர், மருந்தகத்து உத்தியோகத்தர், தோட்டப் பாடசாலை ஆசிரியர் முதலானோர் எங்கே உறங்கி எழுகின்றனர்? தொழில் கொடுத்தவன் கொடுத்த குவாட்டர்ஸில்! விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் நிற்கவேண்டியவன், இரவிலே ஆலை ஓடுகையில் கொழுந்தைக் காக்கவேண்டியவன், பஸ் போகாத மலையுச்சியில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கவேண்டியவன், நகரத்தில் தனக்கென வாங்கிய வீட்டில் எவ்வாறு எழுநூற்று முப்பது இரவுகளைக் கழிப்பான்? வேலை அவனை ஓரிடத்தில் கட்டிப்போடுகிறது, சட்டமோ, “நீ ஏன் மற்றோரிடத்தில் இருக்கவில்லை?” என்று கேட்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பசறைக்கு அப்பால் ஒரு தோட்டப் பாடசாலையில் முப்பது ஆண்டுகள் கற்பித்த ஆசிரியர் ஒருவரை மனக்கண்முன் நிறுத்திக்கொள்வோம். 2019இல் வங்கிக் கடனும் மனைவியின் நகையுமாகச் சேர்த்து, ஹாலிஎலைப் பக்கத்தில் 40 இலட்சம் ரூபாவுக்கு ஒரு சிறு வீட்டை வாங்கினார். குவாட்டர்ஸை விட்டு வர இயலாமையால் வீட்டைப் பூட்டிவைத்தார். இடையில் உறவினரைக் குடியிருத்தினார். ஓய்வு பெற்றபின், மருத்துவமனைக்கும் மகளுக்கும் அருகில் இருக்கவேண்டிப் பதுளை நகரத்தில் ஒரு வீட்டைப் பார்த்தார். பழைய வீடு 90 இலட்சத்துக்குப் போகிறது; புதிய வீட்டின் விலையும் 90 இலட்சம். ஒரு கையால் வாங்கி மறு கையால் கொடுக்கிறார். அவர் பெட்டியில் ஒரு சதம் மிஞ்சவில்லை. ஆயினும் இறைவரித் திணைக்களத்தின் கணக்கில் அவர் 50 இலட்சம் ரூபா ஆதாயம் பெற்ற செல்வர். திருத்த வேலை, உறுதிச் செலவு ஆகியவற்றை எளிமைக்காக விட்டுவிட்டால், அவர் கட்டவேண்டிய வரி 7,50,000 ரூபா. புதிய வீட்டுக்கு முத்திரைத் தீர்வையாக ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு வேறு. நொத்தாரிசின் கூலி வேறு. ஆக, ஒரு வீட்டைக் கொடுத்து அதற்குச் சமமான வீட்டைப் பெறுவதற்கு அந்த ஆசிரியர் 11 இலட்சத்துக்கு மேல் கைப்பணம் தேடவேண்டும். விற்ற ஒரு மாதத்துக்குள் வரியைக் கணக்குக் காட்டிக் கட்டியாகவும் வேண்டும்.

“50 இலட்சம் இலாபம் வந்ததே!” என்பர். வந்ததா? அவர் வாங்கிய காலத்தில் அமெரிக்க டொலர் ஒன்று 180 ரூபா அளவில் இருந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென்று அரசாங்கமே அறிவித்தது. அவ்வாண்டிலேயே டொலர் 360ஐத் தொட்டது. அந்தச் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டி, முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது உயர்ந்து நின்றது. சீமெந்தும் கம்பியும் ஓடும் கூலியும் ஏறின. அவற்றால் கட்டப்பட்ட வீட்டின் விலையும் ஏறிற்று. ஆசிரியருடைய வீட்டில் ஓர் அறை கூடவில்லை, ஒரு சன்னல் கூடவில்லை. ரூபா இளைத்தது, அந்த இளைப்புக்குப் பெயர் ஆதாயமாம்! நாணயத்தைத் தேயவிட்டவர்கள், அந்தத் தேய்வினால் பெருத்துத் தோன்றும் எண்ணின்மீது வரி கேட்கிறார்கள். விலைவாசி ஏற்றத்தைக் கழித்து மெய்யான ஆதாயத்தைக் காணும் ஏற்பாடு எதுவும் நம் சட்டத்தில் இல்லை. 2017 செப்டெம்பர் 30ஆம் நாளில் ஏற்கெனவே கைவசம் இருந்த சொத்துக்கு அந்நாளைய சந்தைப் பெறுமதியை அடக்கவிலையாகக் கொள்ளலாம் என்ற ஒரு சலுகை உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் அந்நாளில் டொலர் 153 ரூபா என்பதையும் மறக்கலாகாது.

ஆசிரியர் ஒருவர் மாத்திரமல்லர். வளைகுடா நாடுகளில் பிறர் வீட்டுச் சமையலறையில் பத்தாண்டு நின்று, அனுப்பிய பணத்தில் ஒரு துண்டு நிலமும் இரண்டறை வீடும் தேடிய பெண்களைப் பதுளை மாவட்டத்தின் எந்தத் தோட்டத்திலும் காணலாம். கொழும்புக் கடைகளில் பதினாறு வயதில் நுழைந்து நாற்பது வயதில் ஊரில் வீடு கட்டிய இளைஞர்களையும் காணலாம். அவ்வீடுகளில் அவர்களின் பெற்றோர் வாழ்கின்றனர், அவர்கள் வாழவில்லை. வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்கும் கோவாவும் போடுகிற கமக்காரன், தகப்பன் வழியில் வந்து சும்மா கிடக்கும் ஒரு காணித்துண்டை விற்று மகளுக்கு வீடு கட்ட எண்ணினால், அவனுக்கும் இதே கதிதான். ஓர் ஆதாயம் 50,000 ரூபாவுக்கும், ஆண்டின் மொத்த ஆதாயம் 6 இலட்சத்துக்கும் உட்பட்டிருந்தால் வரியில்லை என்ற விதியால் இவர்களுள் எத்தனை பேர் பிழைப்பர்? ஐம்பதாயிரம் ரூபா ஆதாயத்தில் காணி விற்ற காலம் எந்தக் காலம்!

இனி, பிற நாடுகளைப் பார்ப்போம். ஐக்கிய அமெரிக்கா 1951இலேயே இதைக் கண்டுகொண்டது. குடியிருந்த வீட்டை விற்றவன் அப்பணத்தை மற்றொரு வீட்டில் இட்டால் வரியைத் தள்ளிவைக்கலாம் என்று விதித்து, 1997 வரை அவ்வாறே நடத்தியது. பின்னர் அதற்குப் பதிலாக ஆதாயத்தில் ஒரு பெருந்தொகையையே விலக்கிவிட்டது. பிரித்தானியச் சட்டமோ நம் குவாட்டர்ஸ்காரருக்காகவே எழுதியதுபோல் ஓர் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. தொழிலின் பொருட்டுப் பிறர் தந்த இல்லத்தில் வாழவேண்டிய ஒருவன், பிற்காலத்தில் குடியேறும் நோக்கத்தோடு ஒரு வீட்டை வாங்கி வைத்திருந்தால், அந்த வீடு அவன் குடியிருந்த வீடாகவே கணிக்கப்படும். குவாட்டர்ஸ் முறையை இம்மலைகளுக்குக் கொண்டுவந்தவர்கள் பிரித்தானியர். முறையை இங்கே விட்டுச் சென்றனர். அதற்குரிய நியாயத்தைத் தம் நாட்டோடு வைத்துக்கொண்டனர்!

நமக்கு மிக அண்மையிலுள்ள எடுத்துக்காட்டு இந்தியா. 1961ஆம் ஆண்டு இந்திய வருமான வரிச் சட்டத்தின் 54ஆம் பிரிவு வீடு மாறுவோருக்கென்றே வகுக்கப்பட்டது. நீண்டகாலம் கைவசம் இருந்த குடியிருப்பு வீட்டை விற்றவன், விற்பதற்கு ஓராண்டு முன்னரோ இரண்டாண்டு பின்னரோ மற்றொரு வீட்டை வாங்கினாலும், மூன்றாண்டுக்குள் கட்டினாலும், அதில் இட்ட அளவுக்கு ஆதாயத்தின்மீது வரியில்லை. அவனே அதில் குடியிருந்தானா, வாடகைக்கு விட்டானா என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. வீடல்லாத சொத்தை விற்று வீடு தேடுவோருக்கு 54எஃப் பிரிவு. கமநிலத்தை விற்றுக் கமநிலம் வாங்குவோருக்கு 54பி பிரிவு. பணத்தை உடனே செலவிட இயலாதவர், 1988இல் வகுத்த திட்டப்படி வங்கியில் அதற்கென்றே ஒரு கணக்கைத் திறந்து இட்டுவைக்கலாம். புதிய வீட்டை மூன்றாண்டுக்குள் விற்றுவிட்டால் சலுகை திரும்பிப் பறிக்கப்படும். ஏமாற்றுவோனுக்குக் கதவடைத்து, வீடு தேடுவோனுக்கு வழி விட்டிருக்கிறார்கள்.

இவ்விடத்தில் ஒரு நினைவு நெஞ்சைச் சுடுகிறது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையொப்பமிட்ட உடன்படிக்கை, மலையகத் தமிழரைத் தலை எண்ணிப் பிரித்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும் என்றனர். மிஞ்சிய 1,50,000 பேரைப் பின்னொரு நாள் பேசிக்கொள்ளலாமென ஒதுக்கினர். அண்ணன் ஒருவன் கோத்தகிரிக்குப் போனான். தம்பி மடுல்சீமையில் நின்றான். அண்ணனின் மகன் நீலகிரியில் வாங்கிய சிறுவீட்டை விற்றுக் கோயம்புத்தூரில் வீடு வாங்கினால், அந்நாட்டுச் சட்டம் அவனைக் காக்கிறது. தம்பியின் மகன் ஹாலிஎலையில் வாங்கியதை விற்றுப் பதுளையில் வாங்கினால், அவனைக் காக்க ஒரு வரிகூட இங்கில்லை. இருவரும் ஒரே பாட்டியின் பேரர்கள்.

“இது வசதியுள்ளோரின் வழக்கு, தொழிலாளர் நலம் பேசுவோருக்கு இது எதற்கு?” என்று நம் பக்கத்திலேயே சிலர் கேட்பர். கேள்வி நேர்மையானதே. இந்தியாவிலும் இச்சலுகையைச் சாக்கிட்டு, கோடிக்கணக்கான ஆதாயத்தை மாளிகைகளில் புதைத்து வரி தப்பியோர் உண்டு. அதனாலேயே 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் மூலம் சலுகைக்குப் பத்துக் கோடி இந்திய ரூபா என்ற உச்ச வரம்பை விதித்தனர். பத்துக் கோடி! அந்த வரம்பே ஒரு கேலிக்கூத்து என்பது நம் எண்ணம். இலங்கையில் அத்தகைய தாராளம் வேண்டியதில்லை. ஒரே ஒரு வீடு, ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வீட்டு விலையைத் தாண்டாத வரம்பு, பல ஆண்டுகளுக்கு ஒரு முறை மட்டும் என்று இறுக்கிக் கட்டட்டும். கொழும்பு ஏழாம் வட்டாரத்து மாடமாளிகைக்கு ஒரு சதமும் விட்டுக்கொடுக்க நாம் வாதாடவில்லை. திறைசேரியின் வறுமையையும் சர்வதேச நாணய நிதியத்தின் கண்டிப்பையும் நமக்குப் பாடம் சொல்லவும் வேண்டியதில்லை. வீடு மாறும் ஆசிரியரிடம் பறிக்கும் பணத்தினால் கடன் தீருமென்று நிதியமைச்சே நம்பாது.

ஆனால் அந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்கவும் மாட்டோம். வீடுள்ளவனுக்குச் சலுகை கேட்டுவிட்டு, வீடற்றவனை மறந்து போவது மலையகத்தின் படித்த வகுப்புக்கு நேர்ந்த பழைய நோய். லயத்திலிருந்து குவாட்டர்ஸுக்கும் குவாட்டர்ஸிலிருந்து நகரத்துக்கும் ஏறியபின், ஏறிவந்த ஏணியைத் திரும்பிப் பாராத நோய் அது. ஆகவே சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

மூலதன ஆதாயம் என்றால் என்ன? சொத்தின் பெறுமதி ஏறுவது. ஊவா மலைகளின் பெறுமதியை ஏற்றியவர் யார்? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், பத்திரம் காட்ட இயலாத கண்டிய விவசாயிகளின் சேனைகளையும் காடுகளையும் முடிக்குரியன என்று வளைத்துக்கொண்டது. அக்காலத்தில் ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு வெள்ளைக்காரத் துரைமாருக்கு முடிக்காணி விற்கப்பட்டது. 1818 எழுச்சியில் நொறுக்கப்பட்ட ஊவாச் சிங்களக் குடியானவன் தன் காட்டை இழந்தான்; தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணி கொண்டுவந்த தமிழன் அந்தக் காட்டை வெட்டினான். பெயர் வேறு, மொழி வேறு, இழந்தவர் இருவருமே. காடு கோப்பியாயிற்று, கோப்பி நோயில் மடிந்தபின் தேயிலையாயிற்று. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளை மலையில் தம்பேதென்னையை வாங்கினார். 1924இல் புகையிரதப் பாதை பதுளையை எட்டியது. ஐந்து சிலிங் மண்ணைப் பொன்னாக்கிய கைகளுக்கு எஞ்சியது, பன்னிரண்டடிக்குப் பத்தடிக் காம்பரா ஒன்று. அதுவும் வேலையோடு ஒட்டிக்கொண்டது, வேலை போனால் அதுவும் போகும்.

மண்ணின் உடைமை அதன்பின் பல கைகளுக்கு மாறிற்று. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் என்ற உச்ச வரம்பை வைத்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் போய், 53 ஆண்டுக் குத்தகையாக நிலைத்தது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் அரசுக்கு ஒரு பங்கு, கம்பனிக்கு ஒரு பங்கு. லயத்துக்கு மட்டும் எந்தப் பங்கும் இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கியிருந்ததால், காணியில் பங்கு கேட்க அவனுக்கு நாவும் இல்லாமற் போயிற்று. 1988இலும் 2003இலும் இயற்றிய சட்டங்களால் குடியுரிமை வந்து சேர்ந்தது. குடியுரிமை வந்தது; குடியிருக்க உரிமை வரவில்லை.

வீடமைப்புத் திட்டங்கள் இல்லாமலில்லை. சம்பளத்தில் மாதாமாதம் கழித்துக் கடனைக் கட்டி முடித்தும் காணி உறுதியைக் கண்ணால் காணாத குடும்பங்கள் எத்தனையோ. 7 பேர்ச்சஸ் காணி என்று 2015க்குப் பின்னர் பெருமையோடு பேசினர். 7 பேர்ச்சஸ் என்பது 1,906 சதுர அடி. நூற்றைம்பது ஆண்டு உழைப்புக்கு ஒரு பெரிய மனிதரின் வாகனக் கொட்டிலளவு! அதையேனும் ஒழுங்காகக் கொடுத்தார்களா? 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அவ்வேலை தொடங்க 2024 பிறக்கவேண்டியிருந்தது. 2025 ஒக்டோபரில் நம் பண்டாரவளையிலேயே ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க பங்குகொண்ட விழாவில், அந்தத் திட்டத்தின்கீழ் 2,000 குடும்பங்களுக்கு வீட்டுரிமை ஆவணங்கள் வழங்கப்பட்டன. அந்தத் தாள்கள் காணி உறுதிகளா, பயனாளியைத் தெரிவு செய்த கடிதங்களா என்ற கேள்வி அப்போதே மலையக அரசியலில் எழுந்தது. விழாவை நாம் குறைகூறவில்லை. வங்கி அந்தத் தாளைப் பிணையாக ஏற்குமா? நொத்தாரிசு அதைக் கொண்டு கைமாற்றம் எழுதுவாரா? இவ்விரண்டுக்கும் “ஆம்” என்ற விடை வந்தால்தான் அது உறுதி. வராவிட்டால் அது வாழ்த்து மடல்.

உறுதியில்லாத வீடு எத்தகையது என்பதை மலை நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தை லயங்களின்மீது மலை சரிந்து விழுந்தது. அவ்விடம் ஆபத்தானதென்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. எழுந்து போவதற்கு அம்மக்களுக்கு இடமேது? விற்றுவிட்டுப் போகலாமென்றால் விற்பதற்கு வீடேது? தப்பியோர் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மாக்கல்தெனியாவில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் கட்டிடத்தில் கிடந்தபின்னரே புதிய வீடுகளைக் கண்டனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. பதுளை மாவட்டத்து மலைகள் மறுபடியும் பெயர்ந்தன. வீட்டை முற்றாக இழந்தோருக்கு 50 இலட்சம் ரூபா வரை வழங்குவதாக அரசாங்கம் அறிவித்தது; வரவேற்கிறோம். ஆயினும் நகரத்தான் இழந்தது அவனுடைய வீடு. லயத்தான் இழந்ததோ சட்டத்தின் கண்ணில் கம்பனியின் கட்டிடம். இழந்ததைக்கூடத் தன்னுடையது என்று சொல்லி அழ அவனுக்கு ஒரு தாள் வேண்டும்.

இப்போது இவ்விரண்டு முகங்களையும் சேர்த்துப் பார்ப்போம். நாளைக்கே ஒரு லயத்துக் குடும்பத்துக்கு மெய்யான உறுதி கிடைத்துவிடுகிறது என்று கொள்வோம். மறு ஆண்டிலேயே, மண்சரிவுக்கு அஞ்சியோ பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டோ அவர்கள் அதை விற்று நகரத்தருகே குடியேற எண்ணினால், மூலதன ஆதாய வரி அவர்களை எவ்வாறு காணும்? “தொடர்ந்து மூன்று ஆண்டுகள் சொந்தமாக இருந்ததா?” என்று கேட்கும். உறுதியில் பொறித்த நாளிலிருந்தே அந்தக் கணக்கு ஓடும். பாட்டன் பிறந்த அதே மண்ணில் பேரனும் பிறந்திருப்பான். கொப்பூழ்க்கொடி புதைத்த இடத்தைத் தொட்டுக் காட்டுவான். அது எதுவும் கணக்கில் ஏறாது. நூறாண்டு குடியிருந்தவனும் நேற்றுக் காணி வாங்கிய தரகனும் அந்தப் படிவத்தில் ஒரே நிரையில் நிற்பர். இன்று உறுதியில்லாமல் வதைபடுகிறவன், உறுதி வந்தபின் வரியால் வதைபடுவான்.

ஆகவே நாம் கேட்பது இது. வீட்டை விற்று வீடு வாங்குவோருக்கு, வாங்கிய அளவுக்கு வரியைத் தள்ளிவைக்கும் ஒரு பிரிவு 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்க்கப்படவேண்டும். குவாட்டர்ஸில் வாழ்ந்த காலம் சொந்த வீட்டில் வாழ்ந்த காலமாகவே எண்ணப்படவேண்டும். லயத்தில் குடியிருந்த ஆண்டுகள், உறுதி கிடைத்த நாளிலிருந்து பின்னோக்கி உடைமைக் காலமாக எண்ணப்படவேண்டும். இதற்குத் திறைசேரியில் ஒரு சதமும் செலவில்லை. உறுதி என்று கொடுப்பது விற்கவும் ஈடு வைக்கவும் பிள்ளைக்கு எழுதிவைக்கவும் உதவும் உறுதியாக இருக்கவேண்டும். தரகர் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள் என்ற அச்சத்துக்காகச் சில ஆண்டுத் தடை வைப்பதை ஒப்புக்கொள்வோம். என்றென்றைக்கும் விற்கவே கூடாது என்று பூட்டினால், அது கூரை புதுப்பித்த லயமேயன்றி வேறன்று.

2024 நவம்பர் தேர்தலில் பதுளை மாவட்டத்திலிருந்து தமிழ் உறுப்பினர் இருவர் ஆளுங்கட்சியின் சார்பில் பாராளுமன்றம் புகுந்தனர். எதிர்க்கட்சி வாங்கிலிருந்து கூச்சலிடும் நிலை அவர்களுக்கில்லை. அமைச்சரின் காதருகே அமரும் வாய்ப்பு உண்டு. வரவு செலவுத் திட்டம் வழக்கமாக நவம்பரில் வருகிறது. அதன் வழியே வரிச்சட்டத் திருத்தங்கள் வருகின்றன. குழுநிலையில் ஒரு பிரிவைச் சேர்க்க நான்கு வரிகள் போதும். அந்த நான்கு வரிகளை எழுதும் திறமை பதுளை நீதிமன்றத்தில் வாதாடும் நம் சட்டத்தரணிகளுக்கு உண்டு. எண்களைச் சரிபார்க்கும் திறமை நம் கணக்காளருக்கு உண்டு. ஆசிரியர் சங்கங்களும் தோட்ட உத்தியோகத்தர் சங்கங்களும் குவாட்டர்ஸில் வாழும் தம் உறுப்பினருள் சொந்த வீடு உள்ளோரின் கணக்கை எடுக்கட்டும். தொழிற்சங்கங்கள் தத்தம் தோட்டங்களில் கடன் கட்டி முடித்தும் உறுதி பெறாத குடும்பங்களின் பெயர்ப் பட்டியலைத் தயாரிக்கட்டும். இரண்டு பட்டியல்களும் ஒரே உறையில், இரு உறுப்பினர்களின் மேசைக்கும், அடுத்த ஒக்டோபருக்கு முன்னர் போய்ச் சேரவேண்டும்.